ஈரச் சாக்கு வாடை

1

பங்குச் சாமியார் போன் செய்து, கோவில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. போகட்டும், எனக்கு இங்கே வேறு என்ன வேலை.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்கிற ஊருக்கு, மகள் வீட்டுக்கு வந்து, இந்தக் கிறிஸ்துமஸோடு ஆறு வருடம். கங்காருவைப் பற்றி எழுதுவேன் என்று நினைப்பீர்கள். ஆறு வருடத்தில் இரண்டு கங்காருதான் பார்த்தேன். இரண்டும் ரோட்டோரம் செத்துக் கிடந்தவை. நான் எழுதப் போவது ஒயினைப் பற்றி. புஷ்பம் வயதான காலத்தில் குடிக்கப் பழகிவிட்டாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இங்கே நான் செய்த தப்பு அதைவிடப் பெரியது. அதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பார்த்திராத சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். என் பெயர் மரியபுஷ்பம். வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் காய் தரம் பிரித்தேன். அதன் பிறகு ஏலக்கூடத்தில், காய் வாங்க வருகிற வியாபாரிகளுக்கு மாதிரித் தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. சாக்கின் வாயை அவிழ்த்தால் போதும், காய் புகை பட்டதா, ஈரம் இழுத்திருக்கிறதா என்று கை விடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் முதலாளி மெஷினைத் தேட மாட்டார். "புஷ்பத்தைக் கூப்பிடு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் நான் தலை நிமிர்ந்து வாழ்ந்தேன்.

2

மகள் செலின் நர்ஸ். மருமகன் ஜோஜி கட்டப்பனைக்காரர், மலையாளி. இங்கே பஸ் ஓட்டுகிறார். தங்கமான மனுஷன், ஆனால் ஒயின் பைத்தியம். குடித்து விழுகிற பைத்தியம் இல்லை. பேசுகிற பைத்தியம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆறு பேர் கூடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் வீடு. ஆளுக்கொரு பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். எது யார் பாட்டில் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் அவர்கள் சட்டம். கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி, வெள்ளைத்தாளின் மேலே பிடித்து நிறம் பார்த்து, சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் குடித்து, பாதிப் பேர் அதை வாளியில் துப்பியும் விடுவார்கள். அப்புறம் பேச்சு. ஒரு பாட்டிலுக்கு அரை மணி நேரம்.

முதல் தடவை அந்த வாளியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒயின் என்றால் எனக்குப் பூசையில் இருப்பது. இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு நாம் போடுவது. கம்பத்திலிருந்து பன்னீர்த் திராட்சை வாங்கி வந்து, சீனியும் கோதுமையும் போட்டு, பீங்கான் பரணியில் இருபத்தொரு நாள் கட்டி வைத்து, கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். துப்புவதற்காக நம் ஊரில் யாரும் போட்டதில்லை.

அதைவிடப் புதுசு அவர்கள் பேச்சு. ஏலக்கூடத்தில் நான் பார்த்தது வேறு. வியாபாரி தட்டில் இருக்கும் காயை உள்ளங்கையில் தேய்ப்பார், ஒன்றைக் கடிப்பார், மிச்சத்தைக் கீழே தட்டி விடுவார். நல்லது என்று வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் விலையை ஏற்றிவிடுவான். அதனால் காய் சுமாராக இருந்தால்தான் பேச்சு நடக்கும், சிரிப்பு நடக்கும். தட்டு போய்ச் சேர்ந்ததும் ஒரு வரிசையே பேச்சை நிறுத்தினால், அன்றைக்கு முதல் தரம் வந்திருக்கிறது என்று தட்டுத் தூக்குகிற எங்களுக்குத் தெரியும். இங்கே தலைகீழ். நல்லதாக இருந்தால் ஆறு பேரும் ஒன்றாகப் பேசுகிறார்கள். பழம் என்கிறார்கள், புகையிலை என்கிறார்கள், நனைந்த கல் என்கிறார்கள்.

நான் மூலையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மார்கரெட் அம்மா என் கையிலும் ஒரு கிளாஸைக் கொடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மழைக்காலத்தில் ஸ்டோர் மூலையில் மறந்து போட்ட சாக்கு ஞாபகம் வந்தது.

"ஜோஜி, இதுல ஈரச் சாக்கு வாடை அடிக்குது" என்றேன்.

"மெல்ல அம்மே, மெல்ல. கூட்டத்துலயே விலை கூடினது இதாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"விலை கூடினா வாடை போயிருமா?"

மார்கரெட் அம்மா விடவில்லை, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜோஜி தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா மறுபடி முகர்ந்தார். பாட்டில் வாயிலிருந்து எடுத்த தக்கையை முகர்ந்தார். பிறகு மேசையில் தட்டி, அம்மா சொல்வதுதான் சரி, தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்துவிட்டது என்றார். துணியை அவிழ்த்தால் அது அவர் கொண்டுவந்த பாட்டிலேதான்.

அன்றிலிருந்து எனக்கு நடு நாற்காலி. "புஷ்பா, உனக்கு என்ன வாசனை வருகிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன். ஸ்டோரில் முதல் நாள் அடுப்பு மூட்டின வாசனை. மழை விட்டதும் ஏலச்செடித் தூரில் வருகிற வாசனை. ஜோஜி இங்கிலீஷில் சொல்ல, மார்கரெட் அம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். கடல் கடந்து வந்த ஊரில் எனக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

3

அந்த ஆறு பேரில் சின்னச்சாமி அண்ணன் ஒருவர். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் மகன் கூப்பிட்டானென்று மனைவியோடு இங்கே வந்தவர். மகன் பிறகு மெல்போர்னுக்குப் போய்விட, இவர்கள் இரண்டு பேரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் தமிழும் அவர் தமிழும் ஒட்டாது. நான் "என்ன அண்ணே" என்றால் அவர் "ஏனுங்கக்கா" என்பார். ஆனாலும் அந்த மேசையில் என்னோடு தமிழில் வம்பளக்க அவர் ஒருவர்தான் உண்டு.

"எங்கூர்ல இந்தச் சுத்தறது, மோக்கறது ஒண்ணும் கெடையாதுங்க. கள்ளு காத்தால ஒரு ருசி, மத்தியானம் ஒரு ருசி, பொழுது சாஞ்சா சண்டைங்க. அவ்வளவுதான்" என்பார். ஜோஜி அதை இங்கிலீஷில் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் மனைவி சரசு. வீட்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைக் கொடி நட்டு, பாகற்காய்க்குப் போடுகிற மாதிரி பந்தல் போட்டு, மாசி மாதம் பழம் பறித்துக் கையாலேயே பிசைந்து ஒயின் போடுவார். இந்த ஊரில் மாசி என்றால் கோடை முடிகிற நேரம். பாட்டிலில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் தமிழில் 'மாசி, சரசு' என்று எழுதி வைப்பார். கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார்.

"நீங்களும் வாங்களேன் சரசு" என்று கூப்பிட்டால், "செய்யறது பத்தாதுன்னு உக்காந்து பேசவும் வேணுமுங்களா?" என்பார். எனக்குக் கறிவேப்பிலைச் செடி கொடுத்தது அவர்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பந்தலடியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

4

போன வருடம் ஆடி மாதம். இங்கே அது குளிர்காலம். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எட்டு நாள் கிடந்து எழுந்தேன். எழுந்த பிறகு காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. செலின் சாமான் மாற்றி வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு அங்கேயே நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தி ஆன் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து ஓடி வந்து இங்கிலீஷில் கத்தினாள். அவள் என்னிடம் தமிழ் பேசுவது பசிக்கிறபோது மட்டும். கத்தினது புரியவில்லை, பொத்தின மூக்கு புரிந்தது. திரும்பிப் பார்த்தால் பால் கருகிப் பாத்திரம் புகைகிறது. பக்கத்திலேயே நின்ற எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அன்றைக்கே ஏலக்காய் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தேன். நாலு காயை உரித்து நசுக்கினேன். காற்றுதான் வந்தது.

செலினிடம் சொல்லவில்லை. அவள் நோயாளிகளிடம் பேசிப் பேசி என்னிடமும் அப்படியே பேசுகிறாள். "ஓகேம்மா, மெதுவா மூச்சு இழுங்க, ரொம்ப நல்லா செய்றீங்க" என்பாள். பெற்ற மகள் என்னைத் தட்டிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. இன்னொரு காரணமும் சொல்லிக்கொண்டேன். இங்கேயே தங்குவதற்கான விசாவுக்கு அந்தச் சமயம்தான் மறுபடி பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. பாரத்தில் தொழில் என்ற கட்டத்தில் செலின் வீட்டு வேலை என்று போட்டிருந்தாள்.

"அதை அடிச்சிட்டு, ஏலக்காய் தரம் பிரிக்கிறவள்னு எழுது" என்றேன்.

"அம்மா, அப்படி ஒரு தொழிலே இவங்க லிஸ்ட்ல இல்ல."

"லிஸ்ட்ல இல்லேன்னா நான் பார்த்த வேலை இல்லேன்னு ஆயிருமா? எழுதுடி."

எழுதினாள். பிறகு டாக்டர் பரிசோதனை. கண்ணில் லைட் அடித்தார்கள். காதில் மெஷின் வைத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முட்டியைத் தட்டினார்கள். மூக்கைப் பற்றி மட்டும் அத்தனை தாளில் ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததில் நிம்மதிதான் வந்தது. விசாவுக்குப் பயந்து மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் நான் மறைத்தது அந்த நடு நாற்காலிக்காக.

சனிக்கிழமை வரும். கிளாஸைக் கையில் எடுப்பேன். கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு ஒரு தரம் எல்லோர் முகத்தையும் பார்ப்பேன். வளவளவென்று பேசினால் நல்ல சரக்கு, அதற்குத் தகுந்த ஒரு வாசனையைச் சொல்வேன். முகம் சுளித்தால் குறை சொல்வேன். ஸ்டோரில் அடுப்பு மூட்டின வாசனை, ஏலச்செடித் தூர் வாசனை எல்லாம் நான் கட்டிச் சொன்னவை இல்லை, எனக்கு வாழ்க்கையில் வந்த வாசனைகள்தான். அந்தக் கிளாஸில் இல்லை, அவ்வளவுதான். மார்கரெட் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு வருடம் இப்படி ஓட்டினேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

5

இந்த வருடம் ஆவணியில் சின்னச்சாமி அண்ணன் வீட்டில் கூட்டம். நாலாவது பாட்டில் ஊற்றினார்கள். எல்லோரும் குடித்தார்கள். யாரும் பேசவில்லை. ஜோஜி கிளாஸைப் பார்த்தபடி இருந்தார். மார்கரெட் அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வருடப் பழக்கத்தில் நான் கணக்குப் போட்டேன். இந்த மேசையில் பேச்சு இல்லையென்றால் சரக்கில் ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்று தெரியவில்லை. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வார்த்தை ஒன்று இருக்கிறதே, அதையே எடுத்தேன்.

"ஈரச் சாக்கு வாடை" என்றேன்.

ஜோஜி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். மார்கரெட் அம்மா மறுபடி முகர்ந்து, ஆமாம், லேசாக ஈரம் மாதிரி ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

கெட்ட பாட்டிலைக் கொண்டுவந்தவரே எழுந்து போய்க் கொட்டிவிட வேண்டும். அதுவும் அவர்கள் சட்டம்தான். சின்னச்சாமி அண்ணன் எழுந்தார். துணி சுற்றினபடியே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தொட்டியில் அது கடகடவென்று இறங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் காலிப் பாட்டில் இருந்தது, துணி இல்லை. வெள்ளைப் பிளாஸ்திரியில் 'மாசி, சரசு'.

"அவளுக்குத் தெவசம் வந்த மாசமுங்க. நாலு பேரு குடிச்சு ஒரு வார்த்தை சொன்னா அவளுக்குப் போதும்னு எடுத்தாந்தனுங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நீங்க சொன்னது சரியாத்தான் இருக்குமுங்கக்கா. அவ நல்லாத்தான் செஞ்சிருப்பா. நாந்தான் மூணு வெய்யக்காலம் ஷெட்டுலயே போட்டுக் கெடுத்துப்புட்டேன்."

என் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

காரில் திரும்பும்போது ஜோஜி ஒரு சிக்னலில் நிறுத்தினார். பிறகு சொன்னார். "அம்மே, ஒரு காரியம் சொல்லட்டுமா? எனக்கு அதுல ஒரு கேடும் தோணலை. முதல் வாய் குடிச்சதும் பேச்சே வரலை, அம்புட்டு நல்லாயிருந்துச்சு."

"அப்ப ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"அம்மை சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? எனக்குத்தான் மூக்கு சரியில்லைன்னு நெனச்சேன். போட்டும், சாரமில்ல, விட்டுடுங்க அம்மே."

எத்தனையோ வருடம் அந்த மௌனத்துக்கு நடுவில் தட்டுத் தூக்கினவள் நான். ஒரு வரிசையே பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததை மறந்துவிட்டு, இந்த ஊர்க் கணக்கைப் போட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். மறு மாதமும் சொல்லவில்லை, அதற்கடுத்த மாதமும் சொல்லவில்லை. அண்ணன் கூட்டத்துக்கு வந்தார், பாட்டில் கொண்டுவரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். கள்ளுக் கதை ஒன்றும் சொல்லவில்லை.

6

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செலின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். "சின்னச்சாமி அங்கிள் வீட்டைக் காலி பண்றாராம்மா. பொங்கலுக்குள்ள மெல்போர்ன் போயிருவாராம், பையன்கிட்ட. ஷெட்ல ஆன்ட்டி போட்ட ஒயின் இன்னும் பத்துப் பதினஞ்சு பாட்டில் கெடக்காம். எல்லாம் கெட்டுப் போச்சு, இன்னிக்குக் கொட்டிக் கழுவி நாளைக்குக் குப்பை வண்டிக்கு வைக்கணும்னு ஜோஜிகிட்ட சொல்லிட்டிருந்தார்."

அவள் போனதும் வண்டன்மேட்டுக்குப் போன் போட்டேன். என்னோடு ஒரே மேசையில் காய் பிரித்த தங்கம். அங்கே இன்னும் விடிந்திருக்காது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள், முடித்ததும் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, மூக்கு போனதுக்கு யார் உன்னை என்ன சொல்லப் போறா? எனக்கு முட்டி போச்சு, ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுத்தான் திரியுறேன்."

"முட்டியும் மூக்கும் ஒண்ணா தங்கம்?"

"உனக்கு ஒண்ணில்லதான், பெரிய மகாராணி. ஒரு மனுஷன் பொண்டாட்டி வச்சிட்டுப் போனதைக் கொட்டிக்கிட்டு இருக்கான், நீ எங்கிட்ட நியாயம் பேசிட்டு இருக்க. போனை வச்சிட்டு நடடி."

நடந்தேன். இருபது நிமிட வழி. நல்ல வெயில்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பந்தலடியில் இருந்தார். பதினொரு பாட்டில் வரிசையாக நின்றது. ஐந்து காலி. ஆறாவதின் தக்கையை எடுக்கத் திருகாணியைக் குத்திக்கொண்டிருந்தார். கொடியின் தூரில் மண் கறுத்து நனைந்திருந்தது.

"வாங்கக்கா, வாங்க. சிங்குல ஊத்த மனசு வரலீங்க. அவ வெச்ச கொடிக்கே ஊத்தறேன்."

"அண்ணே, நிறுத்துங்க. அது கெடல."

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

"எனக்கு மூக்கு இல்ல."

"இருக்குதுங்களே" என்று சிரித்தார்.

"வாசனை தெரியாது அண்ணே. போன வருஷம் ஆடியில வந்த காய்ச்சலோட போயிருச்சு. அன்னிக்கும் தெரியாது. எல்லாரும் பேசாம இருந்தீங்க, கெட்டுப் போச்சுபோலன்னு நெனச்சு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்க ஏலக்கூடத்துல அப்படிப் பேச்சு நின்னா முதல் தரம்னு அர்த்தம். ஜோஜியும் அன்னிக்கே சொன்னார், ரொம்ப நல்லாயிருந்துச்சுன்னு. அதைக்கூட நான் உங்ககிட்ட வந்து சொல்லல."

சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்க்கவில்லை, நனைந்த மண்ணையே பார்த்தார்.

"அஞ்சு போயிருச்சுங்களே" என்றார். திருகாணியிலிருந்து கையை எடுத்தார். "மூணு மாசமா அவ போட்டோவுக்குப் பூ வெக்கலீங்க நானு. அவ கடைசியா செஞ்சத நாந்தான் கெடுத்தேன்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போறது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். உட்காரச் சொல்லவும் இல்லை. வெயிலில் நின்றேன். நிற்க வேண்டியவள்தான்.

இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். அந்த ஆறாவது பாட்டிலைத் திறந்து இரண்டிலும் ஊற்றினார்.

"மொதல்ல நீங்க குடிங்க."

"எனக்குத்தான் தெரியாதுன்னேனே அண்ணே."

"நாக்கு இருக்குதுல்லீங்க. அதுல படறத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

குடித்தேன். "புளிப்பு இருக்கு. இனிப்பு இல்ல. கடைசியில நாக்கை இழுத்துப் பிடிக்குது, கடுக்காய் மாதிரி. வேற எனக்குத் தெரியல."

ஒன்றரை வருடத்தில் ஒயினைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

அண்ணன் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனார். குடித்தார். கண்ணைப் பந்தலுக்கு உயர்த்தி, பிறகு தாழ்த்திக்கொண்டார். பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. பந்தலில் பிஞ்சுத் திராட்சை மிளகு அளவு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்தை இந்தத் தடவை நான் தப்பாக எடுக்கவில்லை.

டம்ளர் காலியானதும் வேலியோரம் போய் ஒரு ரோஜாவைக் காம்போடு ஒடித்தார். உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து மிச்சம் ஐந்து பாட்டிலில் நாலை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் எடுத்து வைத்தார். கடைசிப் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"இது உங்களுக்கு இல்லீங்க. வர்ற சனிக்கிழம மார்கரெட்டம்மா ஊட்டுக்கு. துணி சுத்தாம மேச மேல வைங்க. எங்கிட்டச் சொன்னத அங்கயும் நீங்களே சொல்லணும். ஜோஜி சொல்லக் கூடாதுங்க."

7

சனிக்கிழமை நடு நாற்காலியில் உட்காரவில்லை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். என் இங்கிலீஷ் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நோஸ் நோ, ஒன் இயர் நோ, ஐ டெல் லை என்றேன். மிச்சத்தைக் கையால் சொன்னேன். ஜோஜியின் வாய் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது. நான் அவரைப் பார்க்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். மார்கரெட் அம்மா எழுந்துபோய் அந்த நோட்டை எடுத்து வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிலிருந்து எதுவரை என்று கேட்டார். ஆடிக் காய்ச்சலுக்குப் பிறகு நடந்த கூட்டங்களைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, புஷ்பா என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் பென்சிலால் நேர்கோடு போட்டு அடித்தார். ஸ்டோரின் முதல் நாள் அடுப்பு போனது. ஏலச்செடித் தூர் போனது. பதினைந்து பக்கம். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பழைய பக்கங்களை அவர் தொடவில்லை.

அதற்குப் பிறகு சரசுவின் ஒயினை ஊற்றினார்கள். எனக்கும் ஒரு வாய். மார்கரெட் அம்மா பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். ஜோஜி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வளவள மேசையில் ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை.

பந்தலடியில் பேசின பிறகு சின்னச்சாமி அண்ணன் என்னிடம் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் கேட்டார்.

"ஏனுங்கக்கா, உங்க ஏலக்கூடத்துல எல்லாரும் இப்படி உக்காந்திருந்தா என்னங்க அர்த்தம்?"

"வாங்கிரப் போறாங்கன்னு அர்த்தம் அண்ணே."

"விக்கறதுக்கில்லைன்னு சொல்லிப்போடுங்க."